"யாரு வீடியோ எடுத்தது?"

மழைக்காலத்தில் நம்ம மலையகத் தோட்டப் பக்கமிருந்து பேஸ்புக்கில் ஒரு வீடியோவாவது வரும். லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரைத் தகரம் பறந்து, தறப்பாள் கட்டி, ஒழுகும் இடமெல்லாம் சட்டி வைத்திருப்பார்கள். மறுநாள் பெரட்டில் (வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்தில்) கூரையைப் பற்றிப் பேச்சே இருக்காது. "யாரு வீடியோ எடுத்தது?" அதுதான் விசாரணை.

இப்படிக் கேட்பவர்கள் கையில் இப்போது, இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேறியது. பொய்த் தகவல் என்று முடிவானால் சில குற்றங்களுக்கு 5 வருடம் வரை சிறை. ஏமாற்றும் நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதுதான். ஆனால் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் தோட்டத்துப் பையன் அதை யாரிடம் போய் விளக்குவான்?

"திகனையை மறந்துட்டீங்களா?" என்பார்கள் இந்தச் சட்டம் வேண்டும் என்பவர்கள். மறக்கவில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோதும் சட்டம் இல்லாமல் போகவில்லை. இனவெறுப்பைத் தூண்டுபவரைப் பிடிக்க 2007இலேயே ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் வந்துவிட்டது. நெருப்பு பரவிய பிறகுதான் அரசு விழித்துப் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபரை முடக்கியது. அதே ஐசிசிபிஆர் சட்டத்தில் அடுத்த வருடம், ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் ஷக்திக சத்குமாரவை மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். சட்டம் யார் மேல் பாய்கிறது பாருங்கள்!

டிவி, ரேடியோ நடத்துகிறவர்களுக்கு இந்தப் பயம் எல்லாம் கிடையாது. அவர்களைக் கண்காணிக்கச் சுயாதீன ஆணைக்குழு என்று ஒன்றே இல்லை, லைசென்ஸ் அமைச்சர் கையில். 

தோட்டத்துச் செய்தி வெளியே போவது எப்போதுமே சிலருக்குக் கசப்புதான். பத்திரிகை நடத்திய தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் போனார் என்பார்கள். வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு இருந்த காலம் அது. இன்று வெளியாள் தேவையில்லை, லயத்துக்குள்ளேயே போன் இருக்கிறது. எரிச்சலும் அதனால்தான்.

ஆனால் நமக்குச் சாதகமான சட்டமும் ஒன்று உண்டு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வீட்டுத் திட்டத்துப் பயனாளிகள் பட்டியலை டீ.எஸ். ஆபீஸில் (பிரதேச செயலகத்தில்) தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. எழுதத் தெரியாத அம்மா வாயால் சொன்னால் தகவல் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குமேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வீடியோ போடுகிற தம்பி தங்கச்சிமாரே, கூடவே இந்த விண்ணப்பத்தையும் போடுங்கள். நிரப்பத் தெரியாவிட்டால் இன்பாக்ஸ் வாங்க.