சுட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் ஒற்றர்கள்

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் அறிவியல் புனைகதை எழுதுவதில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு பையன் 2090-ஆம் ஆண்டைப் பற்றி யோசிக்கிறான், அதுவும் தமிழில் யோசிக்கிறான் என்றால் கைதட்டத்தான் வேண்டும். தட்டிவிட்டேன். இனி வருவது குறை.

வாட்சப்பில் எனக்கு வரும் கதைகளில் பாதி உளவுக் கதை. ஒற்றனுக்குக் கண்ணுக்குள் கேமரா, தோலுக்கடியில் சிப், எதிரியின் குரலில் அப்படியே பேசும் தொண்டைக் கருவி. கருவி எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக வரும். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஓர் ஆள் சாகிறான். அதற்கு ஒரே வரி. "இலக்கு முடிந்தது." அடுத்த பத்தியில் நாயகன் மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்படி ஒரு கதை எழுதிய தம்பியிடம் கேட்டேன்.

"ஏம்பா, கேட்டுல நிக்கிற ஆளச் சுட்டுட்டுத்தானே உள்ள போறான். அந்த ஆளுக்கு ஒரு பேருகூடக் கிடையாதா?"

"அண்ணே, அது சும்மா ஜாகா, காவலாளிதானே."

"பொண்டாட்டி, பிள்ள, வீடு ஒண்ணும் இல்லையா அவனுக்கு?"

"அதெல்லாம் வச்சா கதை ஸ்லோவாயிடும்ணே."

பதிலில் பொய் இல்லை. ஆனால் தோட்டம் கைமாறி, ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டக் குடியிருப்பான லயத்தைவிட்டு வெளியே வந்த நம் ஆட்களில் எத்தனை பேர் ஜாகா வேலைக்குப் போனார்கள் என்று அவனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் சித்தப்பாவே தொழிற்சாலை வாசலில் நிற்கிறவர்தான். 2090-லும் முதலில் சாகப்போவது அவர்தான் போலிருக்கிறது.

என் கட்சி இதுதான். கருவியைக் கண்டுபிடிப்பதோடு அறிவியல் புனைகதையின் வேலை முடிவதில்லை. அந்தக் கருவி ஒரு சாவை எத்தனை பேர் கையில் பிரித்துக் கொடுக்கிறது, பிரித்த பிறகு அது யார் தலையில் வந்து விடிகிறது என்று விடாமல் பின்னாலேயே போக வேண்டும். நம் கதைகள் முதல் பாதியில் தூள் கிளப்பிவிட்டு, இரண்டாவது பாதி வரும்போது சாப்பிடப் போய்விடுகின்றன.

கற்பனைகூட வேண்டாம், நடந்ததையே பாருங்கள். 2017 பிப்ரவரி 13, கோலாலம்பூரின் கேஎல்ஐஏ2 விமான நிலையம், காலை நேரம். வட கொரியத் தலைவருக்குத் தந்தை வழியில் அண்ணனான கிம் ஜோங் நாம், மக்காவ் விமானத்துக்குப் பதிவு செய்ய இயந்திரத்தின் முன் நிற்கிறார். இரண்டு பெண்கள் அவர் முகத்தில் எதையோ தடவிவிட்டு வேகமாகப் போய்விடுகிறார்கள். தடவியது விஎக்ஸ் என்ற நரம்பு நச்சு. அனைத்துலக உடன்படிக்கையில் தடை செய்யப்பட்ட ரசாயன ஆயுதம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

அந்தப் பெண்களில் ஒருவர் சித்தி ஆயிஷா, இந்தோனேசியர். மற்றவர் டோன் தி ஹுவோங், வியட்நாமியர். குறும்பு வீடியோ எடுக்கிறோம் என்று சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள், முன்பின் தெரியாதவர்கள் முகத்தில் தைலம் தடவிப் பழக்கினார்கள், காசும் கொடுத்தார்கள் என்பது இருவர் தரப்பும் சொன்னது. வழக்கில் பெயர் அடிபட்ட வட கொரியர்கள் நால்வர் அன்றைக்கே நாட்டைவிட்டுப் பறந்துவிட்டார்கள். டோன் இரண்டு நாள் கழித்து அதே விமான நிலையத்துக்குத் திரும்பி வந்தார், அங்கேயே பிடிபட்டார். நிற்க. கொலை செய்தோம் என்று தெரிந்த ஒருத்தி அதே இடத்துக்கு வருவாளா? 2019 மார்ச்சில் சித்தி ஆயிஷா மீதான குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. டோன் சிறிய குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, தண்டனை கழிந்து, மே மாதம் வெளியே வந்தார்.

இதை எழுதச் சொன்னால் நம் தம்பிகள் விஎக்ஸின் மூலக்கூறு அமைப்பை வரைந்துவிடுவார்கள். அதில் சந்தேகமே இல்லை. எனக்கு வேண்டியது வேறு. ஆள் செத்துவிட்டான் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? சொன்னபோது அவள் முதலில் தன் கையைப் பார்த்தாளா? ஓடிப்போய்த் தைலத்தைக் கழுவிய அதே கையால் அன்று மத்தியானம் சாப்பிட்டிருப்பாளே, அது ஞாபகம் வந்ததா? சட்டம் விட்டுவிட்ட பிறகும் விடாத ஒன்று இருக்கிறதே, அதை அளக்க எந்த ஒற்றனிடமும் கருவி இல்லை. கதை எழுதுகிறவனிடம் மட்டும்தான் இருக்கிறது, அவனும் எடுப்பதில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்து இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டத்தில் ஒருவர், பின் சூன் தோட்டத்தில் இருவர். அதையொட்டிக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் இந்த நாட்டில் உளவு என்பது கோட்டு போட்ட ஆள் செய்த வேலை இல்லை. சோற்றை வைத்துத்தான் நடந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்பதற்காக வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் டின்னை ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வைத்திருந்து காட்டுக்கு அனுப்ப முடியாதபடிக்கு. துப்புக் கொடுத்தால் காசு. கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்குக்கு மட்டும் 250,000 டாலர் விலை வைத்தார்கள். முகத்தை மூடிய ஆளை உட்கார வைத்து, வரிசையில் வருகிறவர்களைப் பார்த்துத் தலையசைக்கச் சொன்னதும் உண்டு. எந்த அறிவியல் புனைகதையில் இதைவிடப் பயங்கரமான முக அடையாளக் கருவி இருக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்த தாத்தா ஒருவர் இருந்தார். அவசரகாலத்தில் ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அடுத்த லயத்துப் பையன் ஒருவன் காட்டுக்கு அரிசி கொடுத்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்களாம், பையன் திரும்பவே இல்லையாம். சொல்லிக் கொடுத்தது இவர்தான் என்று ஒரு பேச்சு. என் பாட்டி அவரிடம் சாமான் வாங்குவார், வேறு கடை கிடையாது. ஆனால் மீதிச் சில்லறையை அவர் கையிலிருந்து வாங்க மாட்டார். "அதுல வைங்க" என்பார். பிஸ்கட் டின் மூடி மேல் அவர் வைப்பார், பாட்டி எடுத்துக்கொள்வார். நான் கூடப் போகிற காலத்தில் பாட்டி "அதுல வைங்க" என்று சொல்வதுகூட இல்லை. பாட்டி வாசலில் தெரிந்தாலே அவர் மூடியைத் துடைத்து முன்னால் தள்ளிவிடுவார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. காட்டிக் கொடுத்தது அவர்தானா என்று எனக்குத் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. தெரியாமலேயே முப்பது வருடத்துக்கு மேல் அந்த மூடி நடுவில் இருந்தது.

அவர் யாரையும் சுடவில்லை, கவனியுங்கள். சொன்னார் என்றால் சொன்னார், அவ்வளவுதான்.

சுட்டவர்களுக்கு மட்டும் சும்மா போய்விட்டதா? 1948 டிசம்பர் 12-ஆம் தேதி பத்தாங் காலி பக்கத்தில் ரப்பர் தோட்டத்து ஆட்கள், ஆயுதமில்லாதவர்கள், 24 பேரைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்பதுதான் அரசாங்கம் சொன்ன கதை. கோப்பு மூடியாயிற்று. ஆனால் அந்தப் படைப்பிரிவில் இருந்த சிலரே 1970-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் சத்தியப் பிரமாணத்தோடு வாய் திறந்தார்கள், ஓடவில்லை, நிற்க வைத்துச் சுட்டோம் என்று. இருபத்தோரு வருடம் கழித்து. யாரும் கேட்டு நெருக்காத ஒரு விஷயத்தை மனிதன் ஏன் அத்தனை வருடம் கழித்துச் சொல்கிறான்? நம் நாயகன் ரொட்டி சானாய் சாப்பிட்டு எழுந்த பிறகு உள்ள இருபத்தோரு வருடம் எங்கே, தம்பி?

பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது காவடியும் பால்குடமும். 1942 செப்டம்பர் 1 அன்று அதே பத்துமலைப் பகுதியில் கூடிய மலாயா கம்யூனிஸ்டுத் தலைவர்களை ஜப்பான்காரன் சுற்றி வளைத்துக் கொன்றான். இடத்தைச் சொல்லிக் கொடுத்தது அவர்களுடைய பொதுச் செயலாளர் லாய் தெக்கேதான். வெள்ளைக்காரனுக்கும் ஒற்றன், ஜப்பான்காரனுக்கும் ஒற்றன். 1947-இல் கட்சிப் பணத்தோடு ஓடி, பேங்காக்கில் கம்யூனிஸ்டுகள் கையாலேயே செத்தான். மூன்று பக்கம் உளவு பார்த்தவனின் மூளைக்குள் புகுந்து எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இவன் ஒருவனே போதும், சிப்பே வேண்டாம்.

உளவைப் பற்றி வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார், 59-ஆவது. பத்துக் குறளிலும் ஒற்றன் பார்க்கிறான், கேட்கிறான், வேஷம் போடுகிறான், வந்து சொல்கிறான். ஓரிடத்திலும் கொல்லவில்லை. ஒரு குறளில் ராஜாவுக்கு ஒரு நிபந்தனை வருகிறது: ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், அப்படிப்பட்ட மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம். இன்றைய ஆளில்லா ஆயுதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத்தான் வேறு வார்த்தையில் பேசுகிறார்கள். கைப்பேசி சிக்னல் ஒன்று, கேமராவில் பதிந்த முகம் ஒன்று, வங்கி அட்டை ஒன்று. மூன்றும் ஒத்தால் ட்ரோன் கிளம்பலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வள்ளுவர் போட்ட கண்டிஷனின் உயிரே அந்த மூவரும் ஒருவரை ஒருவர் அறியக் கூடாது என்பதில் இருக்கிறது. ஒரே கிணற்றில் மூன்று வாளி விட்டு இறைத்துவிட்டு மூன்று கிணறு என்று சொன்னால்? ஒரே நிறுவனம், ஒரே தரவு, ஒரே தப்பு. மூன்றும் ஒத்துத்தான் போகும்.

அதே வள்ளுவர் 33-ஆவது அதிகாரத்தில், தன் உயிரே போனாலும் இன்னொரு உயிரை எடுக்காதே என்கிறார். முப்பத்து மூன்றுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில் கிடந்து ஒரு மனிதன் படும் பாடுதான் உளவுக் கதை. நம் ஆட்கள் 33-ஐப் புரட்டாமலேயே தாண்டிவிடுகிறார்கள்.

"ஜாலியா படிக்கிறதுக்குத்தானே அண்ணே, இதுல எதுக்குப் பாவ புண்ணியம்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஜாலியாகவே இருக்கட்டும். நாயகனை உட்கார வைத்து அழ வைக்கச் சொல்லவில்லை நான். அழுது வடியும் கதையும் எனக்கு ஆகாது. கொன்றதற்கு ஏதோ ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பது வாசிக்கிறவனுக்குத் தெரிந்தால் போதும். வேகமும் குறையாது. யார் கை, யார் வாய், யார் காசு என்று தேடுவதைவிட விறுவிறுப்பு வேறெதில் இருக்கிறது?

சும்மா குறை மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது என்பதால் ஒரு கதைக்கரு தருகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் முப்பது நாற்பது வருடம் தள்ளி, இதே வட்டாரம். ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்க்கிறாள். திரையில் மேலிருந்து எடுத்த படங்கள் வரும். ஆள் இருந்தால் ஒரு பட்டன், இல்லையென்றால் இன்னொன்று. படத்துக்கு இத்தனை சென் என்று கூலி. செம்பனைக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஆட்கள் மேல் அடித்துவிடாமல் இருக்கத்தான் இந்த வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் கெட்டிக்காரி, மரநிழலில் குந்தியிருப்பவரைக்கூட விடாமல் கண்டுபிடித்துவிடுவாள், அதற்காக போனஸ்கூட வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் எங்கோ ஒரு நாட்டில் நடந்த தாக்குதலின் படம் செய்தியில் வருகிறது. அந்த மரத்தையும் நிழலையும் அவளுக்குத் தெரியும்.

அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அவள் போனஸைத் திருப்பிக் கொடுப்பாளா, யாரிடம் கொடுப்பாள், மறுநாள் காலை கணினியைத் திறப்பாளா, வீட்டு வாடகை என்னாகும், அதெல்லாம் எழுதுகிறவர் பாடு. எழுதினால் அனுப்புங்கள், பிழை திருத்தித் தருகிறேன், கூலி வேண்டாம். தாக்குதல் காட்சி மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. கேட்டில் நிற்கும் ஆள் கதைக்குள் வந்தால் அவருக்குப் பெயர் வைத்துவிட்டு அனுப்புங்கள்.