இந்திய விமானப்படை 1947-இல் தொடங்கியதா? இல்லை

பெங்களூரில் அல்சூர், முருகேஷ்பாளையம் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'சுதந்திரத்துக்கு முன் இந்திய விமானப்படையே கிடையாது, உலகப்போரில் நம்மவர்கள் ஸ்பேனர் பிடித்ததோடு சரி, ஓட்டியது எல்லாம் வெள்ளைக்காரன்.'

தப்பு. படை தொடங்கியது 1932 அக்டோபர் 8. பிரிட்டிஷ் ஆட்சியில்தான், ஆனால் இந்திய விமானிகளோடு. 1942 தொடக்கத்தில் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோது நம் படையின் முதலாவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) அங்கே இருந்தது, தலைமை கே.கே.மஜும்தார். அவர்களிடம் இருந்தது லைசாண்டர், தரைப்படைக்கு உளவு பார்க்கச் செய்த மெதுவான விமானம். அதில் குண்டு மாட்டி, எல்லை தாண்டிப் போய் தாய்லாந்தில் மே ஹாங் சோனில் இருந்த ஜப்பானிய விமானத்தளத்தைத் தாக்கினார்கள். எவ்வளவு துணிச்சல் வேண்டும் அதற்கு! 1944-இல் இம்பாலில் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டிய அர்ஜன் சிங்குக்கு டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கத்தை மவுண்ட்பேட்டனே குத்திவிட்டார். படையின் பெயரோடு 1945-இல் சேர்ந்த 'ராயல்' பட்டம் 1950-இல் போனது. படை அதேதான்.

அப்புறம் அந்த ஸ்பேனர். நம்ம ஊர் விமானத் தொழிற்சாலை எச்.ஏ.எல். 1940-இல் தொடங்கியது, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைக்கூட இங்கேதான் பழுது பார்த்தார்கள். அந்தக் கைகளை மட்டமாகப் பேசாதீர்கள். செய்தி வந்தால் இதைப் பதிலாகப் போடுங்கள்.