பம்புசெட்டும் 430 அர்த்தமும்

(கிணற்று மேடு. மோட்டார் நின்று போயிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரும் மெக்கானிக்கும்.)

மெக்கானிக்: இந்தப் பம்புசெட்டு வாங்கி எத்தனை வருஷம் இருக்கும் சார்?

வாத்தியார்: அதை விடு தம்பி. 'செட்' என்ற சொல்லைப் பற்றி உனக்குத் தெரியுமா? 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதி, மொத்தம் 20 தொகுதி. அதில் வேறு எந்தச் சொல்லுக்கும் இவ்வளவு இடம் கிடையாது. 430 அர்த்தம்!

மெக்கானிக்: கொஞ்சம் அந்த ஸ்பேனரை எடுங்க சார்.

வாத்தியார்: இந்தா. சூரியன் மறைந்தால் செட். சிமெண்டு இறுகினால் செட். உடைந்த எலும்பைப் பொருத்தி வைத்தால் செட். அலாரம் வைத்தாலும் செட்.

மெக்கானிக்: செட் தோசை?

வாத்தியார்: அது வேறு குடும்பம். முதல் செட், பழைய ஆங்கிலத்துச் 'செட்டன்'. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. நம்முடைய அமர், அமர்த்து மாதிரி.

மெக்கானிக்: அப்போ என்னை இந்த வேலைக்கு அமர்த்தினீங்களே, அதுவும் செட்டா?

வாத்தியார்: செட்தான். நான் அமர்த்தினேன், நீ வந்ததிலிருந்து அமர்ந்தே இருக்கிறாய்.

மெக்கானிக்: நின்னுக்கிட்டு மோட்டார் கழற்ற முடியுமா சார்? சரி, தோசைக் குடும்பத்துக்கு வாங்க.

வாத்தியார்: அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீன் 'செக்டா'. ஒருவரைப் பின்பற்றிப் போகிற கூட்டம். நீங்கள் 'எங்க செட்டு' என்கிறீர்களே, அது இந்த வகை.

மெக்கானிக்: ஐடிஐயில் எங்க செட்டில் எவனும் எவன் பின்னாலும் போனதில்லை. வாத்தியார் பின்னால் போகவே ஆளில்லை. அது இருக்கட்டும், என் மச்சானுக்குப் பொண்ணு பார்த்தோம், செட் ஆகவில்லை. இது எத்தனையாவது அர்த்தம்?

வாத்தியார்: (யோசித்து) அது நம்ம ஊர்ச் சரக்கு. 431 என்று வைத்துக்கொள். ஆனால் இப்போது செட்டையும் 'ரன்' முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தமாம்.

மெக்கானிக்: அதில் ஒரு அர்த்தத்திலாவது இந்த மோட்டார் ரன் ஆனால் போதும் சார். பேரிங் போயிடுச்சு, வாட்டர் சீலும் போயிடுச்சு. ஒன்றை மட்டும் மாற்றினால் செட் ஆகாது, செட்டாத்தான் மாற்றணும்.

வாத்தியார்: இந்தச் 'செட்டா' எந்த அர்த்தத்தில் சொல்கிறாய்?

மெக்கானிக்: செலவு கூடும்ங்கிற அர்த்தத்தில் சார். 432ன்னு எழுதிக்கோங்க.