மே மாசம் வேண்டாம், காலாண்டு லீவுக்குப் போகலாம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருசா வருசம் ஏப்ரல் பிறந்ததும் ஒரு மெசேஜ் வரும். "பசங்களுக்கு லீவு வரப்போகுது, தீம் பார்க் போலாமா?" நாத்தனார்தான் ஆரம்பித்து வைப்பார். பத்து நிமிடத்தில் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிடுவார்கள். இந்த முறை நான் மட்டும் "மே மாசம்னா நான் வரல" என்று போட்டேன். அன்றிலிருந்து குரூப்பில் நான்தான் வில்லி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள்.

நாங்கள் வடசென்னையில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம். சென்னையில் எந்தப் பெரிய பார்க்கைச் சொன்னாலும் அது எங்களுக்கு ஊரின் மறுகோடி. ஈசிஆரில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட். 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவும் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். எண்ணூரில் அனல்மின் நிலையம் வரும், மணலியில் சுத்திகரிப்பு ஆலை வரும், ராட்டினம் மட்டும் தெற்கேதான் வரும். சரி, அந்தப் புலம்பலுக்குத் தனியாக ஒரு பதிவு போட்டுக்கொள்ளலாம். அடையாற்றுக்காரர்கள் காலை டிபன் முடித்து நிதானமாகக் கிளம்பலாம். எங்களுக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை. சாலைக்கே நாலரை மணி நேரம் கொடுத்த பிறகு மிச்ச நேரத்தையும் வரிசைக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. எந்த லீவில் போவது என்பதை நான் இவ்வளவு பிடிவாதமாகப் பார்ப்பது அதனால்தான்.

2024 மே மாதம், அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை, வேன் பேசி பதினாலு பேர் போனோம். பார்க்கின் பெயர் வேண்டாம். ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. நாத்தனார் தெருவில் தண்ணி லாரி வந்துவிட்டது, குடம் பிடித்து முடித்து அவர்கள் ஏறும்போது எட்டரை. பார்க் வாசலில் டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, பை சோதனைக்கு இன்னொரு வரிசை. வெளிச் சாப்பாடு உள்ளே போகாது என்று செக்யூரிட்டி சொன்னதும் என் மாமியார் தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். விடிய மூணு மணிக்கு எழுந்து கிளறிய புளிசாதம். உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தனித் தூக்கு. வேறு வழியில்லை, திரும்ப வேனுக்கு நடந்து, அதன் நிழலில் துண்டை விரித்து, காலை பதினொன்றே காலுக்கு மதியச் சாப்பாட்டை முடித்தோம். உள்ளே காலை வைக்கும்போது மணி பன்னிரண்டு.

தண்ணீர்ப் பகுதியில் செருப்பை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒரு சறுக்கிலிருந்து அடுத்த சறுக்குக்குப் போக ஐம்பது அறுபது அடி சிமென்ட் தரை. மே மாதத்து ஒரு மணி வெயிலில் அந்தத் தரை தோசைக்கல்தான். என் மகனுக்கு அப்போது ஏழு வயது. நாலு எட்டு வைத்தவன் ஐந்தாவது எட்டுக்கு என் பாதங்களின் மேல் ஏறி நின்றுகொண்டான். அவனைக் காலிலேயே சுமந்தபடி நான் துள்ளித் துள்ளிப் போனதை என் ஓரகத்தி வீடியோ எடுத்தாள். இன்னும் குரூப்பில் கிடக்கிறது, தீபாவளிக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம் யாராவது தோண்டி எடுத்துப் போடுவார்கள். சிரிக்கத்தான் செய்தோம். ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் என் உள்ளங்காலில் இரண்டு கொப்புளம்.

எத்தனை ரைடு ஏறினோம் என்று வரும் வழியில் மகள் விரல் விட்டு எண்ணினாள். நாலு. ஒரு கை விரல்கூட முழுசாக மடங்கவில்லை. அதில் ஒன்று ஓடாத ரயில் முன்னால் நின்று போட்டோ எடுத்தது, அவள் கணக்கில் அதுவும் ரைடு.

அப்படியும் ஏன் எல்லோரும் மே மாதம் என்கிறார்கள்? அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. என் கொழுந்தன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம்தான் அவன் கரையில் இருப்பான், அவன் பிள்ளைகள் அப்பாவோடு எங்காவது போக முடியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருமானம் நின்றுபோகிற இரண்டு மாதமும் அதுதானே? அரசாங்கம் கொடுக்கும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதை வைத்து வீட்டு வாடகை கொடுப்பதா, நாலு பேருக்கு டிக்கெட் எடுப்பதா? 2024ல் அவன் வட்டிக்கு வாங்கித்தான் வந்தான் என்பது எங்களுக்கு ஜூலையில்தான் தெரிந்தது. அதுவுமில்லாமல் தடைக்காலத்தில் அவன் ஒன்றும் சும்மா இருப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இஞ்சினைப் பிரிப்பது, வலை பின்னுவது என்று காலையில் போனால் இருட்டித்தான் வருகிறான். மே முடிந்து ஜூன் பிறந்தால் நோட்டு, யூனிபார்ம், வேன் ஃபீஸ் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செலவு வேறு.

இதில் ஒரு சின்ன சந்து உண்டு. வெயில் தணியாத வருசங்களில் பள்ளி திறப்பதைத் தள்ளிப்போடுவார்கள். 2023ல் ஜூன் 12 வரை போனது, 2024ல் ஜூன் 10. அந்த வாரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் ஒரு கணக்கு சொல்வார். கணக்கு சரிதான். ஆனால் அமைச்சர் எப்போது அறிவிப்பார் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தா வேன் பேசுவது?

அரையாண்டு லீவு என்று சிலர் சொல்வார்கள். டிசம்பர் 24 வாக்கில் விட்டு, புத்தாண்டை ஒட்டித் திறப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டிசம்பர் என்றாலே முதலில் வானத்தைப் பார்க்கத் தோன்றும். 2016ல் வர்தா, 2023ல் மிக்ஜாம். மிக்ஜாம் வந்தபோது அரையாண்டுப் பரீட்சையே தள்ளிப்போனது, எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் யாரும் பிக்னிக் என்று வாயைத் திறக்கவில்லை. புயல் இல்லாத வருசத்திலும் வேன் கிடைக்காது. எந்த டிராவல்ஸுக்குப் போன் போட்டாலும் "சபரிமலைக்குப் போயிருக்குக்கா" என்பார்கள். அது முடிந்தால் மேல்மருவத்தூர். மீறிக் கிடைத்தால் வாடகை எங்கேயோ இருக்கும். ராயபுரம் தோழி ஒருத்தி கிறிஸ்துமஸ் வீட்டு வேலையை விட்டு நகரவே முடியாது என்பாள். அப்புறம் அந்த மாதத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும், என் மகனுக்கு எப்போதும் இருமல் வீட்டு வாசலிலேயே காத்திருக்கும்.

பொங்கல்? வெயிலும் இல்லை மழையும் இல்லை, வானிலையை மட்டும் பார்த்தால் அதுதான் முதல் மார்க். ஆனால் காணும் பொங்கலன்று மெரினாவில் பிள்ளைகள் தொலையாமல் இருக்க போலீஸே கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறது. அன்று ஊரில் எந்தப் பக்கம் போனாலும் அதே கூட்டம்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மிச்சம் காலாண்டு. செப்டம்பர் கடைசியில் பரீட்சை முடிந்து, காந்தி ஜெயந்தியை ஒட்டி வருமே, அந்த லீவு. அதை யாரும் ஒரு லீவாகவே மதிப்பதில்லை. பிள்ளைகள் தூங்கி எழுந்து டிவி பார்த்தே தீர்த்துவிடுவார்கள். 2025ல் அரசுப் பள்ளிகளுக்கு செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை விட்டார்கள். ஆயுத பூஜை 1ஆம் தேதி புதன், விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் 2ஆம் தேதி வியாழன். எல்லோரும் அந்த இரண்டு நாளைத்தான் குறி வைப்பார்கள். நான் அதற்கு முன்னால் வந்த 29, திங்கட்கிழமையை எடுத்தேன். பிள்ளைகளுக்கு லீவு, ஆபீஸ்களுக்கு வேலை நாள். பார்க்குக்கும் வார நாள் கட்டணம், சனி ஞாயிறைவிடக் குறைவு.

வேன் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள், கொழுந்தன் மகன், ஆக ஆறு பேர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ எங்கள் பக்கம் வந்ததன் முழு அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது. தேரடியில் ஏறி கிண்டியில் இறங்கி, திருவான்மியூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஈசிஆரில் இன்னொரு பஸ். சாதாரணக் கட்டண பஸ்ஸாகப் பார்த்து ஏறியதால் பெண்கள் மூணு பேருக்கும் டிக்கெட் இல்லை. மாமியார் இந்த முறை புளிசாதத் தூக்கைக் கொண்டு வரவில்லை, முறுக்கு மட்டும் முந்தானையில். அதை யாரும் சோதிக்கவில்லை.

டிக்கெட் கவுண்டரில் எங்களுக்கு முன்னால் இரண்டே குடும்பம். பெரிய ராட்டினத்து வாசலில் உயரம் பார்க்கும் கோடு இருக்குமே, பெரும்பாலும் 140 சென்டிமீட்டர். 2024ல் மகளுக்கு மூணு விரற்கடை குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்த வெயிலில் அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு. அவள் அழுகையை நான் மறக்கவே இல்லை. வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு மாதா மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு விறைப்பாகப் போய் நின்றாள். அங்கிருந்த பையன் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு "போம்மா" என்றான். அவள் போகவில்லை. "அண்ணா, சரியா பாருங்க, எவ்ளோ?" என்று கேட்டு, 141 என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். அதே ரைடில் ஐந்து தடவை ஏறினாள். இறங்கி ஓடி, காலியாகக் கிடந்த கம்பித் தடுப்பு வளைவுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, திரும்ப ஏறினாள். கூட்டம் இல்லாத நாள் என்று நான் சொல்வது இதைத்தான்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு மேற்கே கறுத்தது. செப்டம்பர் கடைசியில் சென்னையில் சாயங்கால இடிமழை சகஜம், மின்னல் வெட்ட ஆரம்பித்ததும் உயர ரைடுகளை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கொட்டகையில் நின்றோம். ஆனால் வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் நடுவுக்கு மேல்தான், அதற்குள் நாம் தப்பித்துவிடலாம். காலையிலேயே பெரிய ரைடுகளை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். என் தங்கை மகள் சிபிஎஸ்இ, அவளுக்கு அந்தத் திங்கட்கிழமை பள்ளி இருந்தது, வர முடியவில்லை. பணமும் ஒரு பிரச்னைதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் காசு தீபாவளிச் சீட்டில் இருக்கும், செப்டம்பரில் கை வறட்சி. நான் அதற்காகவே மாசம் ஐந்நூறு தனியாக ஒரு டப்பாவில் போட்டு வந்தேன். எனக்கு லீவு கிடைத்ததும் சும்மா இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு நாள் லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். இந்த வருசம், 2026ல், தீபாவளி நவம்பர் 8. ஆயுத பூஜையும் அக்டோபர் மூணாவது வாரத்துக்குப் போய்விட்டது. செப்டம்பர் கடைசியில் கடை ஓரளவு ஓய்ந்திருக்கும், இந்த வருசம் எனக்குச் சாதகம்.

ஆயுத பூஜை என்றதும் ஒன்று. மே மாதத்தை விட மாட்டேன் என்பவர்கள்கூட அந்த நாளைச் சொல்லிப் பார்த்தார்கள். அன்று எங்கள் வீட்டுக்காரரை எங்கேயும் நகர்த்த முடியாது. கன்டெய்னர் யார்டில் வேலை. டிரெய்லருக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிக் கொண்டு வந்தால்தான் அவருக்குத் திருநாள். லேத்து வைத்திருப்பவர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். செப்டம்பரில் கொழுந்தன் கடலில் இருப்பான். போன தடவையும் அவன் மகனை நாங்கள்தான் கூட்டிப் போனோம், அவன் இல்லை. படகில் போனால் வர ஒரு வாரம் ஆகும், பத்து நாளும் ஆகும். இந்தப் பதிவை எழுதுவதற்கு முன்னால் அவனிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு மே மாசம்தான் தோதுன்னா சொல்லுப்பா, நான் வாயை மூடிக்கிறேன்" என்றேன். பெயின்ட் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"அந்த வெயில்ல என்னால முடியாது அண்ணி. தேதிய மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு நடை போகாம நிக்கிறேன்."

செப்டம்பர் 28, திங்கட்கிழமை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளி அறிவிப்பு வந்தால்தான் உறுதி. நாத்தனார் இதைப் படித்தால் குரூப்பில் ஒரு கட்டைவிரல் போடவும்.