லீஸ்ட் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடப்பதில்லை

டேட்டாபேஸிடம் கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழியில், கொடுத்த மதிப்புகளில் சிறியதைத் தருவது லீஸ்ட் (LEAST); நல் (NULL) என்றால் மதிப்பே நிரப்பப்படாத கட்டம். 'இரண்டு மதிப்புகளில் சிறியதை எடுக்க லீஸ்ட் போதும், நல் இருந்தால் அதுவே ஒதுக்கிவிடும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு அது சரி. மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் தவறு. அங்கே ஒரு மதிப்பு நல் என்றால் விடையும் நல்தான்.

விலை 500, சலுகை விலை இன்னும் நிரப்பப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் 500 தரும்; மைஎஸ்க்யூஎல் வெறுமையைத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. டேட்டாபேஸ் மாற்றிய ஒரு வேலையில், பில்லில் விலைக் கட்டம் காலியாக வந்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

எஸ்க்யூஎல் சர்வரில் லீஸ்ட் 2022 பதிப்பில்தான் வந்தது; அது நல்லை ஒதுக்கும். எஸ்க்யூலைட்டில் அந்தப் பெயரே கிடையாது, மின் (MIN) என்பதற்குள் இரண்டு மதிப்புகளைக் கொடுக்க வேண்டும். அங்கும் ஒன்று நல் என்றால் விடை நல். மற்றவற்றில் மின் என்பது பல வரிசைகளில் சிறியதைத் தேடுவது, ஒரே வரிசையின் இரு நெடுவரிசைகளை ஒப்பிடுவதற்கல்ல.

லீஸ்ட் இல்லாத எஸ்க்யூஎல் சர்வரின் 'பழைய பதிப்பில் கேஸ் எழுதினால் போதும்' என்ற யோசனையிலும் இதே குழி இருக்கிறது. கேஸ் (CASE) என்பது 'இப்படியென்றால் இது, இல்லையேல் அது' என்று எழுதும் வடிவம். விலை சலுகையைவிடக் குறைவு என்றால் விலை, இல்லையேல் சலுகை என்று எழுதினால், சலுகை நல்லாக இருக்கும்போது ஒப்பீடு உண்மையாகாது. 'இல்லையேல்' பக்கம் போய் நல்லையே எடுத்து வரும்.

விலை கட்டாயம் நிரப்பப்படும் நெடுவரிசை என்றால் இப்படி எழுதுங்கள்: லீஸ்ட்(விலை, கோஅலெஸ்(சலுகை, விலை)). கோஅலெஸ் (COALESCE) என்பது கொடுத்தவற்றில் நல் அல்லாத முதல் மதிப்பைத் தருவது. லீஸ்ட் உள்ள எந்த டேட்டாபேஸிலும் 500தான் வரும்.