யார் செய்தால் என்னவாம்!

இணையத்தில் சுற்றும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடற்கரை மணலில் யானைச் சிற்பங்களின் கூட்டம், கீழே "அமெரிக்கச் சிற்பிகளின் கைவண்ணம்". செய்தவர்கள் எங்கள் நீலகிரிக் கூடலூர்க்காரர்கள் என்று பதிவின் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். வந்த பதில்: "யார் செய்தால் என்ன, சொல்ல வந்த விஷயம்தானே முக்கியம்?"

விஷயம் முக்கியம்தான். செய்தவர்கள்தான் ஐயா அந்த விஷயமே!

2024-இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி நியூயார்க், மயாமி என்று ஊர் ஊராகப் போன அந்த 100 யானைகளையும் செய்தவை பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் என்ற எங்கள் பக்கத்துப் பழங்குடி மக்களின் கைகள். ஒவ்வொன்றும் எங்கள் பக்கம் நடமாடும் நிஜ யானையைப் பார்த்துச் செய்தது. பொருள், உண்ணிச்செடி (லந்தானா). வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி காட்டுக்குள் புகுந்து, புல்லை முளைக்கவிடாமல் யானையின் மேய்ச்சலைக் கெடுத்தது. அதையே வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் வளைத்து யானையாக்கினார்கள். யானையோடு தினமும் வழியைப் பங்குபோடுகிறவர்கள் செய்தார்கள் என்பதை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது செல்ஃபிக்கு ஒரு பொம்மை.

"கூலி வாங்கினார்கள் அல்லவா?" என்பீர்கள். வாங்கினார்கள். நீங்களும்தான் மாதச் சம்பளம் வாங்குகிறீர்கள். உங்கள் வேலையை அடுத்தவர் பெயரில் போட்டால் சும்மா இருப்பீர்களா?

"அங்கே யானை மிதித்து ஆட்கள் சாகிறார்கள், அமெரிக்காவில் ஊர்வலமா?" இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. சிற்பங்களை விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான வேலைகளுக்குத்தான் போகிறது. போதுமா என்றால், போதாது. ஆனால் கேட்கிறவர் யார்? போன மே மாதம் முதுமலைச் சாலையில் காரை நிறுத்தி யானைக்கு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டியவர்களில் ஒருவராக இருந்தால், மன்னிக்கவும், உங்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு பலாமரம். பழம் கனிந்தால் யானையார் வந்துவிடுவார். ஒரு வருடம் சமையலறைச் சுவரும் போனது. அம்மா அழுதுகொண்டே, "மரத்தை வெட்ட வேண்டாம், பழத்தை முன்னாலேயே பறித்துவிடுவோம்" என்றார். இதைக் கல்லூரியில் சொன்னபோது, "நீ யானைமேல் ஏறித்தான் பள்ளிக்கூடம் போனாயா?" என்று சிரித்தார்கள். இருபது வருடம் ஆகிறது. சிரித்தவர்களில் இரண்டு பேர் நேற்று அந்தப் பதிவுக்கு இதயம் போட்டிருந்தார்கள். பார்த்தேன்.

"இதற்கெல்லாமா கோபப்படுவது?" என்று உள்பெட்டியில் அறிவுரை சொன்ன நண்பருக்கு நன்றி. ஆமாம், இதற்குத்தான்.

பக்கத்து வீட்டு அக்கா அந்த யானைகளைச் செய்த பட்டறையில் வேலை செய்தவர். கொதித்த தண்ணீர் பட்ட தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. இரவு அவரிடம் படத்தைக் காட்டினேன். கீழே எழுதியிருந்ததை அவர் படிக்கவே இல்லை. விரலால் பெரிதாக்கி, இடது ஓரத்துக் குட்டியின் காதிலேயே நின்றார்.

"இந்த மடிப்பில் குச்சி தூக்கிக்கொண்டு நிற்கிறது பார். இன்னும் ஒரு ஆணி அடித்திருக்கலாம்" என்றார்.