ராஜினாமா கடிதம் கடைசியாத்தான் வரணும்

ரெண்டு நாளா ஆளாளுக்குப் பகிர்ந்துகிட்டிருக்கீங்களே, அந்தப் பிறந்தநாள் வீடியோவைப் பத்தித்தான். 43 வயசு, ரெண்டு பிள்ளைங்க. மைக்கைப் பிடிச்சு "வேலையை விட்டுட்டேன், இனி மனசுக்குப் பிடிச்சதைத்தான் செய்வேன்"னு அறிவிக்கிறார். ஒரே கைதட்டல். பக்கத்துல கேக்கை ஊட்டப்போன மனைவியோட கை பாதியிலேயே நின்னதை யாரும் பார்க்கலையா? அந்தம்மாவுக்கும் அப்பத்தான் தெரியும்.

இதைக் கேட்டதுக்கு எனக்குக் கிடைச்ச பட்டம் 'கனவைக் கொல்ற கணக்குப்பிள்ளை'. சரி, கணக்குப்பிள்ளையாவே பேசுறேன்.

நடுவயசுல அப்பாக்கள் தொழில் மாறக்கூடாதுன்னு நான் எங்கயும் சொல்லலை. தாராளமா மாறுங்க. முதல்ல வீட்டுல பேச்சு, அப்புறம் கணக்கு, கடைசியா கடிதம். என் சண்டை அந்த வரிசைக்காக மட்டும்தான்.

கணக்குன்னா "மாசம் இவ்வளவு ஆகும்"னு மனசுல போடுறது இல்லை. 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரணும். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், வண்டி ரிப்பேர்னு வருஷத்துக்கு ஒருதரம், ரெண்டுதரம் வர்ற செலவையெல்லாம் கூட்டி 12-ஆல வகுத்து மாசச் செலவோட சேர்க்கணும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். அதுக்கு மேல ஒரு 10 சதவீதம் போடுங்க.

அடுத்தது ஒத்திகை. புதுத் தொழில்ல இப்போதைய சம்பளத்துல 60 சதவீதம்தான் வரும்னு வைங்க. வேலையில இருக்கும்போதே அந்த 60-ல குடும்பத்தை நடத்திப் பாருங்க. மிச்ச 40 தனிக் கணக்குக்குப் போகட்டும். 6 மாசத்துல 2.4 மாசச் சம்பளம் சேரும், அதாவது புது வாழ்க்கையில 4 மாசச் செலவு. மூணாவது மாசமே கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டி வந்தா, உங்க மதிப்பீடு தப்பு. அது சம்பளம் வரும்போதே தெரிஞ்சுக்கிறது எவ்வளவு மலிவு! ஒரே ஆள் சம்பாதிக்கிற வீடுன்னா 12 மாசச் செலவாவது கையில வேணும். தொழிலுக்கான முதலீட்டை அதோட கலக்கவே கூடாது.

மருத்துவக் காப்பீடு. நிறுவனம் எடுத்துத் தர்ற குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோட கடைசி நாளோட முடிஞ்சிடும். தனிப் பாலிசி எடுத்தா, ஏற்கனவே இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் போடுவாங்க, அது முடியுற வரைக்கும் அந்த நோய்களுக்குப் பணம் வராது. அதனால வேலையில இருக்கும்போதே எடுத்துடணும். தெரிஞ்ச வீட்டுல ஒருத்தர் விலகின மாசமே பையனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. தொழிலுக்குன்னு எடுத்து வச்சிருந்த பணம் மருத்துவமனை கவுன்ட்டர்ல கரைஞ்சது. கைதட்டினவங்க யாரும் அங்க இல்லை.

வீட்டுக் கடனும் அப்படித்தான். தவணையைக் குறைக்கவோ வேற வங்கிக்கு மாத்தவோ சம்பளச் சீட்டு கேப்பாங்க. சொந்தத் தொழில்னு போனா பொதுவா ரெண்டு, மூணு வருஷ வருமான வரிக் கணக்கு கேப்பாங்க. பேச வேண்டியதைக் கடிதம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பேசிடணும். வேலை ஒப்பந்தத்தையும் ஒருதரம் படிங்க. போனஸ் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி கோபத்துல கிளம்புறவங்க நிறைய.

"45-தான் தொழில் தொடங்கச் சரியான வயசு, ஆராய்ச்சியே சொல்லுது"ன்னு ஒருத்தர் பாடம் எடுத்தார். அமெரிக்காவுல வேகமா வளர்ந்த நிறுவனங்களோட நிறுவனர்கள் தொடங்கினப்போ அவங்க சராசரி வயசு 45-னு 2020-ல ஒரு ஆய்வு வந்தது உண்மைதான். அது ஜெயிச்சவங்களோட சராசரி ஐயா. தோத்தவங்க அந்தக் கணக்குல இல்லை. அதே துறையில முன்னாடியே வேலை பார்த்தவங்களுக்கு வாய்ப்பு அதிகம்னும் அதே ஆய்வு சொல்லுது. அந்தப் பக்கம் வரைக்கும் யாரும் போறதில்லை போல.

"எல்லாத்தையும் கணக்குப் பார்த்தா யாரும் மாறவே மாட்டாங்க"ன்றீங்க. சம்பளத்துக்காகத் தூக்கம் கெட்டுப் பல்லைக் கடிச்சிட்டிருக்கிற அப்பாக்களை எனக்கும் தெரியும். அவங்களுக்குத்தான் கணக்கு அதிகமா வேணும். பிடிக்காதது வேலையா, மேலாளரான்னு பிரிச்சுப் பார்க்க அவங்களுக்கு நேரமே கிடைச்சிருக்காது. மேலாளர்தான்னா நிறுவனம் மாறினாப் போதும், தொழிலை மாத்த வேண்டியதில்லை.

"பொண்டாட்டிகிட்ட எதுக்கு அனுமதி?" இதுக்கெல்லாம் பதில் கிடையாது.

பிள்ளைங்ககிட்டயும் சொல்லுங்க. சொல்லலைன்னாலும் அதுங்களுக்குத் தெரிஞ்சிடும். ஷூ பிஞ்சதைச் சொல்லாம ஓரமா ஒட்டிப் போட்டுட்டுப் போற பொண்ணை எந்த வீடியோவும் காட்டாது. தியாகம், துணிச்சல் எல்லாம் அப்பா பேர்ல எழுதுறீங்க, செலவை மட்டும் மத்தவங்க பேர்ல எழுதுறீங்க. இதைச் சொன்னா நான் கோழையாம்.

"பேசினா மனைவி வேண்டாம்னுதானே சொல்வாங்க?"ன்னு உள்பெட்டியில ஒருத்தர் கேட்டார். சொல்லட்டும். ஸ்டேட்மென்ட்டை முன்னாடி வச்சு, எந்த விஷயம் பயமா இருக்குன்னு கேளுங்க. அநேகமா அது உங்க புதுத் தொழிலா இருக்காது, வீட்டுக் கடனோ காப்பீடோதான் இருக்கும். அதை முடிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி கேளுங்க.